முழங்காலுக்கு ஒரு வலை

அன்று மத்தியானம் மருத்துவமனையிலிருந்து உயிரணுக்கள் வரவிருந்தன. யாரோ ஒரு நோயாளியின் முழங்கால் குருத்தெலும்பிலிருந்து எடுத்து வளர்த்தவை. வந்தவுடன் அவற்றைக் குடியேற்ற, பற்றிப் படர ஒரு வலை, ஒரு சாரக்கட்டு வேண்டும். அதைச் செய்வது என் வேலை. உருக்கிய பிளாஸ்டிக்கை மயிரைவிட மெல்லிய நூலாக இழுத்து, அடுக்கின்மேல் அடுக்காக வலை பின்னும் இயந்திரம் எங்களுடையது. என் முனைவர் பட்டத்தின் கடைசிப் பரிசோதனை. உயிரணுக்களைக் காக்கவைக்க முடியாது, இன்னொரு தடவை கேட்கவும் முடியாது.

காலையில் பின்னிய வலை கோணிப்போயிருந்தது. கீழ் அடுக்குகள் நேர். மேலே எல்லா நூலும் ஒரே பக்கம் சாய்வு. வெப்பநிலையைப் பார்த்தேன், மின்னழுத்தத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. பிறகுதான் குளிர் உறைத்தது. விடுமுறை முடிந்து வந்த ஆய்வுகூட உதவியாளர் யன்னலை விரியத் திறந்துவிட்டிருந்தார். பனி கொட்டினாலும் அறைக்குக் காற்று மாற்றாமல் ஜேர்மன்காரருக்கு நாள் தொடங்காது.

யன்னலைச் சாத்திவிட்டு இரண்டாவது வலையைத் தொடங்கினேன். டோர்ட்மண்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். குசுகுசுத்தேன்.

"என்ன பிள்ளை, களவெடுக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறாய்?"

"மிசினுக்குக் காத்துப் படக்கூடாதம்மா."

"அப்ப மூச்சு விடாமலோ வேலை செய்யிறாய்? கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், மகள் எலும்பு செய்யிறாள் எண்டு."

"எலும்பில்லையம்மா. இன்னும் ஒண்டும் ஆகேல்லை."

"நீ செய்தா ஆகும். வை, வை."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. ஆனால் கோயிலில் சொல்லிவிட்டாரே என்று வெப்பநிலையை இன்னொரு தடவை பார்த்தேன்.

உதவியாளரின் கை மறுபடி யன்னல் பிடிக்குப் போனது.

"வேண்டாம்" என்றேன். "காற்றில் நூல் சாய்கிறது."

"ஐந்து நிமிடம்தான். இங்கே செத்த காற்று."

கோணிய வலையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இது நானா?"

"காலையில் திறந்த யன்னல்."

அவர் காப்பிக் கோப்பையோடு நடைபாதைக்குப் போய்விட்டார். அவ்வப்போது கதவுக் கண்ணாடியில் முகம் தெரியும். கதவை மட்டும் திறக்கவில்லை.

வலை நேராக வந்தது. மத்தியானம் வந்த உயிரணுக்களை அதன்மேல் விட்டு, உடலின் சூட்டைக் காக்கும் சூட்டுப்பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை நுண்நோக்கியில் குனிந்தேன். நூலில் ஒட்டிப் படர்ந்தால்தான் அவை பிழைக்கும். கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பல இன்னும் ஒட்டாமல் உருண்டையாகவே கிடந்தன. ஒரு மூலையில் மட்டும் சில, நூலோடு நூலாகப் படர்ந்து பிடித்திருந்தன. மற்ற மூலைகளைப் பார்க்கத் தட்டை நகர்த்த வேண்டும். கை போகவில்லை.