மீனில்லாத தொட்டிக்குச் சாப்பாடு

வலியசாலையில் எங்கள் தெருவில், மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் தீனி போட்டவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

முதல் தடவை கடல்மீன் தொட்டி வைத்தபோது, உப்பைக் கரைத்த அன்றே, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை வாங்கி விட்டோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆத்துக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது, நல்லதுதான் என்று அடுத்த வீட்டு மாமி ஆறுதல் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா புதுத் தண்ணீரில் இருக்காது. தங்கள் கழிவுக்குள்ளேயே மூச்சுமுட்டி அவை செத்திருந்தன. இனி என் வீட்டில் ஒரு மீன்கூட அப்படிச் சாகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பாக்டீரியாவை முதலில் வளர்க்க வேண்டும், மீன் அப்புறம்தான். மீன் விற்ற கடைக்காரர் ஒரு குப்பி பாக்டீரியா கொடுத்தார். அதற்குப் பசிக்குமே, ஒரு இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிடுங்கள் என்றார். இறாலும் கையுமாக எங்கள் அக்ரஹாரத்துக்குள் நுழைவதைவிட நான் சங்குமுகம் கடலுக்குள்ளேயே குடிபோய்விடலாம். கடைசியில் மீன்தீனியே போதும் என்று ஆயிற்று. அந்தத் தீனி எதில் செய்தது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நான் படிக்கவில்லை. வேண்டுமென்றேதான் படிக்கவில்லை. டப்பாவுக்கு இடம் செருப்பு அலமாரியின் மேல். அடுக்களைப் பக்கம் அது வரக்கூடாது.

காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒரு சிட்டிகை போடுவேன். அது அழுகி அமோனியா ஆகும். சாயங்காலம் வந்ததும் கண்ணாடிக்குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். பச்சையானால் அமோனியா இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. நாளாக ஆகப் பச்சை வெளுத்துக்கொண்டு வந்தது. என் கணவரோ, இவள் உப்புத்தண்ணீரைச் செல்லமாக வளர்க்கிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நவராத்திரி நெருங்கியது. ஒரு சனிக்கிழமை நான் ஆபீசில் இருந்தபோது அவர் வீடு முழுக்க ஒட்டடை அடித்துத் துடைத்திருக்கிறார். தொட்டிக் கற்களில் பழுப்பாகப் படிந்திருந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. கல்லையெல்லாம் எடுத்துக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிந்து, திரும்ப வைத்துவிட்டு, நான் மெச்சுவேன் என்று வாசலிலேயே காத்து நின்றார். பாக்டீரியா குடியிருந்ததே அந்தக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதை மிச்சம் வைக்குமா? அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இரண்டு நாளில் கண்ணாடிக்குழாய் மறுபடி பச்சையாயிற்று. குப்பியில் மிச்சமிருந்த பாக்டீரியாவை ஊற்றி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. கொலுவுக்குப் பக்கத்தில் மீன் நீந்தும் என்று மாமியிடம் வேறு சொல்லி வைத்திருந்தார். எப்படியாவது இரண்டு மீன் வாங்கி வந்துவிடுகிறேன், நவராத்திரி வரைக்கும்தானே என்றார்.

"கொலு முடிஞ்சா பொம்மையைப் பொட்டியில வெச்சுடலாம். மீனை எங்க வெப்பேள்?" என்று கேட்டேன்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் விளக்கு எரியும் தொட்டி, உள்ளே கல்லும் குமிழியும் மட்டும். சுண்டலுக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மீன் எங்கே என்று கேட்டார்கள். மாமியும் கேட்டாள். நான் வாயெடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"இதுல கோடிக்கணக்கா ஜீவன் இருக்கு மாமி, கண்ணுக்குத் தெரியாது. ஒருதரம் நான்தான் தேச்சுக் கழுவிக் கொன்னுட்டேன். சாரமில்லை, ஒண்ணும் குடிமுழுகலை, மறுபடி வளர்றது."

மாமி குனிந்து தண்ணீரையே வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பொம்மைகள் பெட்டிக்குள் போய்ப் பல நாள் கழித்துக் கண்ணாடிக்குழாய் மஞ்சளானது. நம்பாமல், தீனியைத் தாராளமாகப் போட்டுப் பார்த்தேன். மறுநாளும் மஞ்சள்தான். அப்புறம்தான் மீன்களை விட்டோம். இரண்டும் இன்று கொழுத்துப்போய், என்னைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடி வருகின்றன.

போன மாதம் கடைக்காரரே கூப்பிட்டார். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பெரிய தொட்டி வைத்திருக்கிறாராம், குப்பி பாக்டீரியா பலிக்கவில்லையாம், என் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். பாதியை வெட்டித் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த வாடிக்கையாளர் அழுக்குப் பழுப்பாக இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்து முகம் சுளித்தார். கடைக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இந்த சேச்சிக்க வீட்டுல மீன் சாவாது, கேட்டியளா. தைரியமா வையுங்க."

ஆபீசில் பதவி உயர்வு வந்த அன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை. ஆட்டோ பிடிக்காமல், அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.