கடைசி நாலு எழுத்து

ஜெகதாப்பட்டினத்தில் லாரியை யாரும் முழு நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "நாலு நாலு ஒன்னு ஏழு வந்துருச்சா?" என்றால் ஐஸ் ஏற்றும் ஆள் வரைக்கும் புரிந்துவிடும். போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் எங்களுக்குக் கடைசி நாலுதான். பத்து வருடமாக நண்டு ஏற்றுமதி செய்த என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டதும் அந்தப் பழக்கம்தான்.

சிங்கப்பூரில் என்னிடம் சரக்கு எடுத்தவன் அரிமளத்துக்காரன். வாய் நிறைய அண்ணே என்பான். பேங்க் வழியாகப் பணம் போய்ச் சேர நாலு நாள் ஆகிறது, கமிஷன் வேறு என்று அலுத்துக்கொண்டவன், ஒருநாள் வீடியோ காலில் எனக்கு பிளாக்செயின் சொல்லிக்கொடுத்தான்.

"எல்லாரும் பாக்குற கணக்குண்ணே. யாரும் யாரையும் நம்பணும்னு அவசியமே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாம் எப்போதடா நம்பாமல் இருந்தோம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த லோடுக்கான முன்பணம், பன்னிரண்டு லட்சம் பெறுமான டிஜிட்டல் டாலர், பத்தே நிமிடத்தில் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த வாரமே எல்லை தாண்டியதாகச் சொல்லி எங்கள் படகுகளைப் பிடித்துவிட்டார்கள். மிச்சப் படகுகளும் கடலுக்குப் போகவில்லை. நண்டுக்கு எங்கே போவது? பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன்.

"வந்த எடத்துக்கே போட்டுருங்கண்ணே."

போனில் பழைய வரவுகளைத் திறந்தேன். முன்பணத்துக்கு மேலே, ஒரு ரூபாய்கூடப் பெறாத சில்லறை ஒன்று புதிதாக வந்திருந்தது. அவன்தான் அனுப்பிச் சோதித்துப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேங்க் கணக்கு எண்ணுக்குப் பதிலாக இதில் முப்பதுக்கு மேல் எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி. கடைசி நாலைப் பார்த்தேன், அவனுடையதேதான். காப்பி எடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

அவனுக்கு வரவில்லை. அந்தச் சில்லறையை அனுப்பியவன் ஒரு திருடன். எல்லாரும் பார்க்கிற அந்தக் கணக்கில் எங்கள் வரவைப் பார்த்து, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போகிற மாதிரி ஒரு முகவரியை உண்டாக்கி, என்னைப் போல ஒரு மடையனுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "பணம் இப்ப எந்த பேங்க்ல, எந்த பிராஞ்ச்ல இருக்குங்க?" என்றார் அங்கிருந்தவர். போனைத் திறந்து காட்டினேன். என் பணம் கண்ணெதிரே கிடந்தது. தொடத்தான் முடியவில்லை.

சிங்கப்பூருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"ஒங்ககிட்டேருந்து போனது தெரியுதுண்ணே. அந்தக் கணக்கு ஒங்களோடது இல்லைங்கிறதுதான் எங்கயும் தெரியல."

பத்து வருடத்தில் ஒரு கிலோ எடை குறைத்து அனுப்பியதில்லை. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மணமேல்குடியில் என் மனைவி பெயரிலிருந்த மனையை விற்றேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பணத்தை பேங்க் வழியாகவே அனுப்பினேன். அவன் கணக்கு எண்ணை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

நாலாம் நாள் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"பணம் வந்துருச்சு சார்."