மூன்றாவது நாற்காலி

கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மேசைக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு நாற்காலி கிடந்தால் போதும், நாற்காலியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கரகரவென்று அதை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வருவார். "யாருங்க இதை உள்ள போட்டது? இங்க என்ன பொதுக்கூட்டமா நடக்குது?" போட்டது யாரோ ஒரு மாமியாராகவோ மாமனாராகவோ இருக்கும். சுவரோடு சுவராக நிற்பார்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் அவர் ஆலோசகர்; நாற்காலியம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். விவாகரத்து கேட்டு வருகிறவர்கள் நீதிபதி முன் நிற்பதற்கு முன்னால் அவரிடம் பேசியாக வேண்டும். எதிர் அறையில் தட்டச்சு செய்கிறேன் நான். கதவு சாத்தியிருந்தாலும் அவர் குரல் கேட்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சன்னலுக்கும் மின்விசிறி சுவிட்சுக்கும் நடுவே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி நடந்துகொண்டே இருப்பார். பேனா மூடியைக் கடிப்பார். சுவிட்சைப் போடுவார், அணைப்பார். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும்.

ஒருமுறை மதகுரு ஒருவரே வந்துவிட்டார். "நான் நடத்தி வெச்ச கல்யாணம்மா இது. நான் இல்லாம என்ன பேச்சு?" என்றார். நாற்காலியம்மா பயபக்தியோடு கும்பிட்டார். காலை வழிபாட்டுக்குப் போகாமல் வேலைக்கு வருகிற ஆள் இல்லை அவர். "ஐயா, மழையில வந்தா குடையை வெளிய வெச்சிட்டுத்தானே உள்ள வர்றோம்? அந்த மாதிரிதான். பேசி முடிச்சு வந்ததும் உங்களையே கூட்டிட்டுப் போகட்டும், நான் வேணாம்னா சொல்றேன்?" என்று அவரை வராந்தாவில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன மாதம் அவருடைய மகளே மனுப் போட்டாள். மருமகன் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. கல்யாணமான நாளாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவன். அவர்கள் மதத்திலோ பிரிவு என்பதற்கே இடமில்லை.

"சட்டம் குடுக்கும், எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்கு வழி சொல்லியிருக்கேன்! ஆனா நாளைக்கு என் பொண்ணு வழிபாட்டுக்கு வந்து என் பக்கத்துல நின்னு கும்பிட முடியாதே. உள்ளயே விட மாட்டாங்களே!" என் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே புலம்பினார்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா" என்றேன்.

"உட்கார்ந்தா உடைஞ்சு போயிடுவேன், விடு."



சொந்த மகளின் வழக்கை அவர் தொடக் கூடாது. புதிதாக வந்த இளம் ஆலோசகர்தான் பேச வேண்டும். அறை மட்டும் அதே அறை. நேற்றுக் காலை எட்டிப் பார்க்கிறேன், மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள்! மூன்றாவதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலியம்மா நிற்கிறார். இளம் ஆலோசகர் மென்று விழுங்கினார். பாவம், நாற்காலியம்மாவை வெளியே போகச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

மருமகன் வந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். மகள் உட்காரவில்லை.

"என்னம்மா இது?"

"நான் ஒண்ணும் பேச மாட்டேன்டி. சும்மா ஒரு ஓரமா..."

"நீ பேசவே வேணாம்மா. நீ இங்க இருந்தாலே போதும், உன் முகத்தைப் பார்த்துட்டு நான் சரின்னு சொல்லி அந்த வீட்டுக்கே திரும்பிப் போயிடுவேன். அதுக்குத்தான் இருக்கியா?"

நாற்காலியம்மாவின் கை சுவிட்சுப் பக்கம் போனது. போடாமலே திரும்பி வந்தது. மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த நாற்காலியை, இழுக்காமல், சத்தமில்லாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கதவை அவரே சாத்தினார். வராந்தாவில் மாமியார்களின் வரிசைக் கடைசியில் நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.