ஒரே சத்தம் போட்ட இரண்டு கார்புரேட்டர்கள்

ஜப்பான்காரன் காலத்தில் நானும் என் மனைவியின் அண்ணன் ரத்தினமும் காஜா பெராங் என்ற ஊரில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தோம். வெள்ளைக்காரர் ஒருவர் போட்டுவிட்டு ஓடிய இரட்டைக் கார்புரேட்டர் காரை ஒரு ஜப்பானிய அதிகாரி கொண்டுவந்து நிறுத்தினான். பெட்ரோல் கிடைக்காததால் ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓடிய கார் அது. அடிக்கடி திணறியது.

வழக்கம்போல் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு கார்புரேட்டர்களும் காற்றை இழுக்கும் சத்தத்தைக் கேட்டு, ஸ்குரூவைத் திருகிச் சமமாக்கினோம்.

“ரெண்டும் ஒரே சத்தந்தான் மச்சான், மூடிருங்க,” என்றேன். அவரும் கேட்டுவிட்டு, “ஆமா, சரியா இருக்கு,” என்றார்.

பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. கார்புரேட்டர்களில் எண்ணெய் தேங்கும் கிண்ணங்கள் இரண்டிலும் ஒன்றுபோலப் பிசின் அடைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். காற்றின் சத்தத்தில் அது எப்படித் தெரியும்?

அதிகாரி நடந்தே திரும்பி வந்தான். வேண்டுமென்றே கெடுத்துவிட்டோம் என்று கத்தினான். அந்த நேரம் ஸ்பானர் மச்சான் கையில் இருந்தது. அவரைத்தான், போனவர் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள்.

“அண்ணன் எப்பங்க வரும்?” என்று என் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போதெல்லாம் முதலில் கிண்ணங்களைக் கழற்றித் துடைக்கிறேன். அதன் பிறகே குழாயைக் காதில் வைக்கிறேன். சரியாக இருக்கிறது என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.