டாக்டரம்மாவை உதைத்த நாள்

எனக்கு எண்பத்திரண்டு வயசு. ஆறு பெத்து, ஆறையும் ஆளாக்கினவள். மூத்தவள் பிறந்தபோது நடந்தது இது. வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். எங்களுக்கு வெண்ணந்தூர்ப் பக்கம்.

எட்டாம் மாசம் காலும் முகமும் உப்பிப்போச்சு. வளையல் கையை விட்டு இறங்கவில்லை. "எம்மருமவ எப்படித் தேறிட்டா பாருங்க!" என்று மாமியார் போறவங்க வாரவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசினார். எனக்கும் பெருமைதான். அப்புறம் தலைவலி மண்டையைப் பிளந்தது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா பார்த்ததுமே, "இது தேறினது இல்லை, நீர். வலிப்பு வந்தால் ரெண்டு உசிருக்கும் ஆபத்து" என்று இடுப்பில் ஊசி போட்டார். நெருப்பாய் எரிந்தது. என்ன மருந்து என்று கேட்டால், பேதி உப்பைச் சுத்தம் பண்ணினதாம்! மாமியாருக்கு வந்ததே கோபம். "பேதிக்குக் குடிக்கறதைக் குத்திக்கவா இத்தன தூரம் வண்டி கட்டுனோம்?"

நாலு மணிக்கொரு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் சின்னச் சுத்தியலால் என் முட்டியில் தட்டுவார். முதல் தடவை கால் தானாகத் துள்ளி அவர் மேலேயே பட்டுவிட்டது. பெரியவங்க மேல் கால் படலாமா? எனக்கு உசிரே போச்சு. அடுத்த தடவை குதிகாலைக் கட்டில் சட்டத்தில் மாட்டி இறுக்கிக்கொண்டேன். தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். இன்னும் இறுக்கினேன்.

டாக்டரம்மா முகம் மாறிப்போச்சு. எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "கால் துள்ளவில்லை என்றால் உடம்பில் உப்பு அளவு மீறிவிட்டது. இனிப் போட்டால் மூச்சு நின்றுவிடும். போடாவிட்டால் வலிப்பு வரும்." மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான்தானுங்க புடிச்சிட்டிருக்கறேன். உங்க மேல கால் படக்கூடாதுங்களே!"

டாக்டரம்மா அப்படியே உட்கார்ந்து சிரித்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உதை சாமி, நல்லா உதை!" என்றார். மாமியார் முன்னால் அதுவரை நான் காலை நீட்டி உட்கார்ந்தது கூட இல்லை. காலை விட்டேன். டாக்டரம்மா தட்டினதும் நச்சென்று அவர் இடுப்பில் போய்ப் பட்டது. உதை வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்ட மனுசியை நான் பார்த்ததில்லை. ஊசியும் போட்டார், எரிச்சல்கூடத் தெரியவில்லை.

வலிப்பு வரவில்லை. மூணாம் நாள் மகள் பிறந்தாள், பூனைக்குட்டி அளவுக்கு. இப்போது அவளே பேரன் எடுத்துவிட்டாள்.

மரியாதை என்று நினைத்து ரெண்டு உசிரை விடப் பார்த்தவள், அன்றிலிருந்து வைத்தியம் பார்க்கிறவர்களிடம் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக் கூட்டி இதை எழுத நாலு நாளாச்சு. பேத்தி சாமி, இங்க வா, ஒருக்காப் படிச்சுக் காட்டு. உதைச்ச இடத்தை மட்டும் சத்தமாப் படி.