வால் அழுகிய மீனுக்கு ஒரு மருந்துச் சீட்டு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் மருந்துக்கடை. தேனி பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போதே பயணிகள் ஓடி வந்து, "ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்கண்ணே, வண்டி கெளம்பிருச்சு" என்பார்கள். "டாக்டர் சீட்டு எங்க?" என்பேன். சீட்டு இல்லாமல் தரமாட்டேன். அளவு தெரியாமல் விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் என்று பிரசங்கம் வேறு செய்வேன். அது முடிவதற்குள் பஸ் போயிருக்கும். என் மாமியாரிடமே சீட்டு கேட்டவன் நான். அதன்பிறகு அவர் என் வீட்டில் இருமுவதையே நிறுத்திவிட்டார்.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு தங்கமீன். கல்யாணமாகி ஓசூர் போகும்போது மகள், "அம்மாவுக்குப் பேச்சுத் துணை" என்று வாங்கி வைத்துவிட்டுப் போனாள். குத்துக்கல் மாதிரி நான் ஒருவன் வீட்டில் இருக்கும்போது பேச்சுத் துணைக்கு மீனா என்று கோபித்துக்கொண்டேன். யாரும் சமாதானப்படுத்தவில்லை. மனைவி அதை "ராசா" என்று கூப்பிடுவாள். இத்தனை வருடத்தில் என்னை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

போன கோடையில் ராசாவின் வால் நுனி வெளுத்தது. இரண்டே நாளில் கந்தல் துணிபோல நூல் நூலாகக் கிழிந்தது. மீன் தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதிலிருந்து மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை; காலையில் ஒரே ஒரு இட்லி, மத்தியானம் ரசம் மட்டும். மகள் வீடியோவில் அழைத்தால் தொட்டிப் பக்கம் போனைத் திருப்பவே மாட்டாள்.

மீன் விற்ற கடைக்காரர் என் செல்போனில் படத்தைப் பார்த்தார். "பாக்டீரியாண்ணே. வால் அழுகல். ஒரு கேப்சூல ஒடைச்சுத் தொட்டியில தட்டுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க. உங்ககிட்ட இல்லாத மருந்தா?"

"எந்த மருந்து? எம்புட்டு?"

"ஒரு குத்துமதிப்பாப் போடுங்கண்ணே."

குத்துமதிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு வேறு பக்கம் பற்றிக்கொண்டது.

"கடை நெறைய மருந்த வச்சுக்கிட்டு, வாயில்லாத ஜீவனுக்கு ஒண்ணு தர மாட்டீகளா?"

"சீட்டு இல்லாம எப்படித் தர்றது?"

"அது செத்துப்போனா உங்க சீட்டையே அதுமேல போத்தி விடுங்க."

மறுநாள் கடையில் கேப்சூல் அட்டை ஒன்றைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். வைராக்கியம் ஒரு பக்கம், ரசம் மட்டும் சாப்பிடும் மனைவி ஒரு பக்கம். கடைசியில் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய், "கெளம்பு, மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

மூடிபோட்ட வாளியில் தொட்டித் தண்ணீரோடு மீனை எடுத்து, மனைவி மடியில் வைத்து, ஸ்கூட்டரில் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்று முதுகில் குத்து. மகள் பிறந்த சமயம் இவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனபோதுகூட இத்தனை குத்து வாங்கவில்லை.

கால்நடை மருத்துவமனை வரிசையில் எங்களுக்கு முன்னால் வயிறு உப்பிய ஆட்டோடு செக்கானூரணிக்காரர் ஒருவர். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஆரப்பாளையம் மருந்துக்கட அண்ணேதான? சளிக்கு மாத்திர கேட்டதுக்கு, சீட்டக் கொண்டாண்டு வெரட்டி விட்டீகள்ல?"

"ஆமா."

"வாளில என்ன?"

"மீனு. சீட்டு வாங்க வந்தேன்."

அவர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவாயில்லண்ணே, ஆளுக்கொரு நியாயம் வைக்காத ஆளுதான்" என்று எங்களை முன்னால் போகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை சரியாக ஐந்து நிமிடம் நின்றது.

டாக்டர் இளம்பெண். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "பாக்டீரியாதான். ஆனா தண்ணி கெட்டாத்தான் இது வரும். மேல எண்ணெய் மினுக்குது பாருங்க. என்ன தீனி போடுறீங்க?"

"கடைத் தீனி மட்டும்தாம்மா. காலையில நாலு, சாயங்காலம் நாலு. எண்ணி எண்ணிப் போடுறேன்" என்றாள் மனைவி.

டாக்டர் இடுக்கியால் வாளியின் அடியிலிருந்து ஊறிப்போன ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அது அடுக்கடுக்காக இருந்தது. மதுரையில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

"பரோட்டா" என்றார் வாசலில் நின்ற செக்கானூரணிக்காரர்.

மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட வரும்போது, கடைக்குப் பக்கத்து ஓட்டலில் வாங்கிய பன் பரோட்டாவில் ஒரு துண்டு என் சட்டைப் பையில் இருக்கும். அவள் கண்ணயர்ந்ததும் தொட்டிப் பக்கம் போவேன். மீன் என்னைக் கண்டதும் மேலே வந்து வாயைத் திறக்கும். காலையிலிருந்து இல்லை, முடியாது, சீட்டைக் கொண்டா என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஆளுக்கு, "இந்தா" என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு ஜீவன்தான் இருந்தது. ஒரு துண்டு இரண்டாகி, இரண்டு மூன்றானது. அளவெல்லாம் குத்துமதிப்புத்தான்.

"பரோட்டாவுக்குச் சீட்டு இருந்துச்சா?" என்றாள் மனைவி.

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடே மிரண்டது. எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். நான் கொடுத்ததைத் தின்றே அது சாகப்போகிறதோ என்று வாளிக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

டாக்டர் சீட்டு எழுதினார். அதில் ஆன்டிபயாடிக் இல்லை. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் மூடாமல் வைத்திருந்து ஊற்ற வேண்டும், சொன்ன அளவு கல்லுப்பு கரைக்க வேண்டும். ஒரு வாரத்தில் கிழிசல் நிற்காவிட்டால் மருந்து தருவதாகச் சொன்னார்.

அந்த ஒரு வாரமும் தண்ணீர் சுமந்தது நான்தான். கல்லுப்பைக் கடைத் தராசில் நிறுத்தேன். ஆறாம் நாள் ராசா மேலே வந்தது. வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் புது வால் துளிர்த்திருந்தது. அன்று மனைவி மூன்று தோசை சாப்பிட்டாள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. காலை நாலு, மாலை நாலு, மத்தியானம் ஒன்றுமில்லை, கீழே மனைவியின் கையெழுத்து. நேற்று மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். ராசா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன், காலி.

"சீட்டுல இல்லய்யா ராசா" என்றேன். இருபது வருடமாகச் சொல்லும் பேச்சுத்தான். அதைச் சொல்ல எனக்கு வலித்தது நேற்றுத்தான்.