பூச்சிப் பிரசுரங்களுக்கு நடுவே ஒரு சக்கரவர்த்தி

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி ஒருவரைத் தேடிச் சைக்கிளில் கண்டாவளைக்குப் போனேன். அவரைத் தொலைத்தவனும் நான்தான்.

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர்கள் இருவர்: நானும், இரண்டாம் வகுப்பு எடுத்த ரீச்சரும். நிரந்தர இடம் ஒன்றுதான். பரீட்சையில் கூடிய புள்ளி எடுப்பவருக்கு அது. என் ஐயா, இடம் தன் மகனுக்குக் கிடைத்துவிட்டதாக வாய்க்கால் நெடுகச் சொல்லி முடித்திருந்தார்.

அந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் பொதுக்கல்வியும் நூலகங்களும் எப்படி மாறின என்ற கேள்வி கட்டாயம் வரும் என்றார்கள். பதில் இருந்த மெல்லிய புத்தகம் வாசிகசாலையில் ஒரேயொரு பிரதி. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பின்னேரம் நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். எப்போதும் ரீச்சர் முந்திவிடுவார். நான் எதிர்க் கதிரையில் பழைய பத்திரிகையைப் பிடித்தபடி, அவர் பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை நான் முந்தினேன். பள்ளிக்கூடங்களைப் பற்றிய பகுதியை வாசித்தேன். நூலகப் பகுதி மிச்சம் இருக்க ஆறு மணியாகிவிட்டது. நெற்பூச்சி பற்றிய விவசாயப் பிரசுரங்கள் மூலைத் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றின் நடுவே புத்தகத்தைச் செருகினேன். நெல் விளையும் ஊரில் நெல்லைப் பற்றி எழுதியதை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிய என்னிடம்தான் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாயும் புதனும் ரீச்சர் வாசிகசாலையை விட்டு அசையவில்லை. அவர் கண் முன்னே நான் எப்படிப் பூச்சிகளில் ஆர்வம் காட்டுவது? வியாழக்கிழமை அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது. கண்டாவளைப் பக்கத்து வயல்களில் பூச்சி விழுந்துவிட்டதாம். கமக்காரர் ஒருவர் கட்டோடு கொண்டுபோய்விட்டதாக வாசிகசாலைக்காரர் சொன்னார்.

“மாஸ்டர், அந்தப் புத்தகத்தைக் கண்டனீங்களோ? மூண்டு நாளாக் காணேல்லை” என்றார் ரீச்சர்.

“இல்லையே” என்றேன். பரீட்சை சனிக்கிழமை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்தேன். கமக்காரர் வாய்க்கால் ஓரத்து மர நிழலில் இருந்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ மாஸ்டர். இந்தப் பிரசுரத்திலை பூச்சியைக் காணேல்லை. ஒரு ராசாதான் நிக்கிறார்.”

“அது மாறி வந்திட்டுது அண்ணை. நாளைக்கு எனக்குச் சோதினை.”

“மாறி வரேல்லை. ஆரோ ஒரு கள்ளன் வடிவாச் செருகியிருக்கிறான். நாலு பக்கம் கிடக்கு, இருங்கோ.”

இருந்தேன். வெயில் சரிந்தது. விரல் சரியவில்லை.

“கெட்டிக்காரன்தான். பள்ளிக்கூடமெல்லாத்துக்கும் ஒரே பாடம், ஒரே நேரம். மணிக்குப் பதிலா முரசு. பிள்ளையளோ பட்டாளமோ தெரியேல்லை.”

“அது வாசிச்சிட்டன் அண்ணை. நூலகம்?”

“பொறுங்கோவன். முந்தி மடங்களிலை பறிச்ச புத்தகங்களை ஊரூரா நகரசபையளிட்டைக் குடுத்திருக்கிறான். புத்தகம் அரசாங்கத்தின்ரை, காவல் உங்கடை எண்டு. பிறகு, சண்டையிலை பிடிச்ச நாட்டுப் புத்தகங்களைத் தன்ரை பட்டணத்துக்கு அள்ளியிருக்கிறான். ஒரு கையாலை குடுக்கிறான், மற்றக் கையாலை பறிக்கிறான்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா, பூச்சிக் கடதாசிக்குள்ளை ஒளிக்கேல்லை.”

கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் தந்தார். நான் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தரை. ரீச்சர் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். இருபது நிமிடம் அவரைக் காக்க வைத்தால் வெளியில் நின்றே வாசித்து முடித்துவிடலாம். வாசலில் நின்று அதையும் யோசித்தேன். வியர்வையில் அட்டை கையோடு ஒட்டியது.

மேசையில் வைத்தேன். “பூச்சிப் பிரசுரத்துக்குள்ளை நான்தான் ஒளிச்சனான்.”

ரீச்சர் மூலைத் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தட்டை மட்டும்தான் நான் தேடேல்லை. அதை ஆர் தொடப்போகினமெண்டு நினைச்சன்.” புத்தகத்தை இருவருக்கும் நடுவே விரித்தார். “பாருங்கோ. அரை மணித்தியாலம் கிடக்கு.”

நான் பாதிப் பக்கத்தில் நிற்கும்போதே அவர் புரட்டினார். பொறுங்கோ என்று சொல்ல எனக்கு வாயில்லை.

“பெம்பிளைப் பிள்ளையளைப் பற்றி இந்தாள் பெரிசா யோசிக்கேல்லை” என்றார்.

கேள்வி வந்தது. கமக்காரர் சொன்னதை நல்ல தமிழில் எழுதி வைத்தேன். இருவரும் சித்தியடைந்தோம். கூடிய புள்ளி ரீச்சருக்கு. இடமும் அவருக்கு. ஐயா வாய்க்கால் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

அறுவடை முடிந்து கமக்காரர் பிரசுரங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“மாஸ்டர், அந்த ராசாவுக்குக் கடைசியிலை என்ன நடந்தது? புத்தகத்திலை இல்லையே.”

“தூரத்துத் தீவொண்டுக்கு மாத்தி விட்டிட்டாங்கள் அண்ணை” என்றேன்.

காட்டுப் பக்கத்துத் துணுக்காய்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றிக் கடிதம் வந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.